ஆலையிலிருந்து ஒரு மைல்

1931ஆம் ஆண்டின் கடைசியில் வியன்னாவிலிருந்து ஓர் ஆய்வுக்குழு மரியன்தால் என்ற சிற்றூருக்குப் போனது. ஒரு துணி ஆலையை நம்பி வளர்ந்த ஊர் அது. அந்த ஆலையை மூடி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஊரில் 478 குடும்பங்கள். நான்கில் மூன்று குடும்பங்களில் நிலையான வேலைக்குப் போகிறவர் ஒருவர்கூட இல்லை. மாரி யஹோடா, பால் லாசார்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் முன்னின்று நடத்திய ஆய்வு அது.

ஊரின் பிரதான தெருவைப் பார்த்த ஒரு ஜன்னலுக்குப் பின்னால் இருந்துகொண்டு, நடந்து போகிறவர்களைக் கணக்கெடுத்தார்கள். யார் எவ்வளவு வேகத்தில் போகிறார், வழியில் எத்தனை தடவை நிற்கிறார் என்று குறித்துக்கொண்டார்கள். ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் குறைந்தது இரண்டு தடவை நின்றார்கள். எங்கும் நிற்காமல் நடந்து முடித்தவர் பத்தில் ஒருவர்தான். பெண்கள் அப்படி நிற்கவில்லை. ஆலை வேலை போனாலும் சமையல், துவையல், பிள்ளைகள் என்று அவர்களுடைய நாள் நிரம்பித்தான் இருந்தது. நூறு ஆண்களைக் கவனித்ததில் 88 பேர் கடிகாரம் அணிந்திருக்கவில்லை. அந்த 88 பேரில் 31 பேரிடம் மட்டுமே வீட்டிலாவது ஒரு கடிகாரம் இருந்தது. ஊர் நூலகத்தில் கட்டணத்தை ரத்து செய்துவிட்டார்கள், ஆட்களிடம் நேரத்துக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் அங்கிருந்து எடுத்துப் போன புத்தகங்களின் எண்ணிக்கை இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

இந்த ஆய்வு 1933இல் அச்சில் வந்தது. ஒரு தொழில் நிறுவனம் நன்றாக நடப்பதும் அதைச் சுற்றியிருக்கும் மக்கள் நன்றாக வாழ்வதும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்ற கேள்வியை எடுக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ஜன்னல்தான். ஆலையின் வரவு செலவுப் புத்தகத்தில் 'மூடப்பட்டது' என்பது ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரி தெருவில் நடக்கும் நடையை மாற்றியிருக்கிறது என்பதைக் கணக்காளர் எவரும் எழுதியிருக்க முடியாது. வெளியிலிருந்து யாராவது வந்து உட்கார்ந்து எண்ணினால்தான் உண்டு.

பொருளாதாரத்திலும் மேலாண்மைத் துறையிலும் பல பத்தாண்டுகளாக இப்படி எண்ணி வருகிறார்கள். அவற்றைப் படிக்கும்போது ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. நிறுவனம் செழித்தால் ஊரும் செழிக்குமா என்ற கேள்விக்கு, எவ்வளவு தூரத்தில், எவ்வளவு காலத்துக்கு என்று சேர்த்துக் கேட்காதவரை உருப்படியான பதில் வருவதில்லை.

நல்லது செய்தால் லாபம் வருமா?

1970 செப்டம்பரில் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்த விவாதத்தை வழக்கமாகத் தொடங்குவார்கள். ஆட்டத்தின் விதிகளுக்கு உட்பட்டு லாபத்தைப் பெருக்குவதுதான் தொழில் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு என்பது அவர் வாதம். ஊர்நலம் பார்ப்பது அரசின் வேலை, தனிமனிதர்களின் வேலை. முதலீட்டாளர் பணத்தை எடுத்து மேலாளர் தன் விருப்பப்படி நல்லது செய்யக் கிளம்பினால், அது அடுத்தவர் பணத்தைச் செலவு செய்வதாகும் என்றார். 1984இல் மேலாண்மைப் பேராசிரியர் எட்வர்ட் ஃப்ரீமன் வேறொரு கோணத்தை முன்வைத்தார். தொழிலாளி, வாடிக்கையாளர், சரக்கு தருபவர், அக்கம்பக்கத்து மக்கள் என்று நிறுவனத்தின் முடிவுகளால் பாதிக்கப்படுகிற எல்லோரையும் கணக்கில் எடுத்து நடத்துவதுதான் நல்ல நிர்வாகம் என்றார்.

இந்த இருவருக்கும் நடுவே ஆய்வாளர்கள் ஒரு குறுக்குவழியைத் தேடினார்கள். சமூகத்துக்கு நல்லது செய்கிற நிறுவனம் அதிக லாபமும் ஈட்டுகிறது என்று காட்டிவிட்டால் சண்டையே முடிந்துவிடும் அல்லவா? ஜோஷுவா மார்கோலிஸ், ஜேம்ஸ் வால்ஷ் இருவரும் 1972 முதல் 2002 வரை வந்த 127 ஆய்வுகளை எடுத்துப் பார்த்து 2003இல் எழுதினார்கள். அவற்றில் 109 ஆய்வுகள் சமூகப் பொறுப்பு லாபத்தைக் கூட்டுகிறதா என்று தேடியவை. 54 ஆய்வுகள் ஆம் என்றன. 7 இல்லை, குறைக்கிறது என்றன. மற்றவற்றில் தெளிவான முடிவு இல்லை, அல்லது கலவையான முடிவு.

பார்த்தால் நல்ல செய்தி போலத்தான் இருக்கிறது. ஆனால் இதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, எது முன்னால் எது பின்னால் என்பது. கையில் பணம் புரளும் நிறுவனம்தான் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டித் தரும். நல்லது செய்ததால் லாபம் வந்ததா, லாபம் வந்ததால் நல்லது செய்ய முடிந்ததா? சாண்ட்ரா வாடக், சாமுவேல் கிரேவ்ஸ் 1997இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு திசையிலும் தொடர்பு இருப்பது தெரிந்தது. இரண்டாவது சிக்கல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது, மார்கோலிஸும் வால்ஷும் அதைத்தான் வலியுறுத்தினார்கள். இத்தனை ஆய்வுகளும் நிறுவனத்துக்கு என்ன கிடைத்தது என்று கேட்டனவே தவிர, அந்த நல்ல காரியத்தால் ஊருக்கு என்ன கிடைத்தது என்று அளக்கவில்லை. முப்பது ஆண்டு உழைப்பு தராசின் ஒரே தட்டில் போய்ச் சேர்ந்திருக்கிறது. கட்டித் தந்த பள்ளியில் பிள்ளைகள் கூடுதலாகப் படித்தார்களா என்று பார்த்தவர்கள் மிகக் குறைவு.

பின்னாளில் ஆய்வு கொஞ்சம் கூர்மையடைந்தது. 2016இல் மொஸாஃபர் கான், ஜார்ஜ் செராஃபைம், ஆரன் யூன் மூவரும் எல்லா நல்ல காரியங்களையும் ஒரே மூட்டையில் கட்டாமல் பிரித்துப் பார்த்தார்கள். அந்தத் தொழிலுக்கே நேரடித் தொடர்புள்ள விஷயத்தில் அக்கறை காட்டும் நிறுவனங்கள் பங்குச் சந்தையில் மேலே போயின. தொடர்பில்லாத விஷயத்தில் நல்ல பெயர் வாங்கியவை அப்படிப் போகவில்லை. சுரங்க நிறுவனத்துக்கு நிலத்தடி நீர் நேரடி விஷயம், வங்கிக்கு அப்படி இல்லை என்பது போல. அப்புறம் வந்த மறு ஆய்வுகள் இந்த முடிவின் உறுதியைக் கேள்விக்கு உள்ளாக்கியிருக்கின்றன. பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற யோசனை மட்டும் சரி என்றே நினைக்கிறேன்.

ஜெயித்த ஊரும் தோற்ற ஊரும்

சரி, ஊரின் பக்கத்திலிருந்து பார்ப்போம். ஒரு பெரிய தொழிற்சாலை ஓர் ஊருக்கு வருகிறது. வந்த பிறகு அந்த ஊர் வளர்கிறது. தொழிற்சாலையால்தான் வளர்ந்தது என்று சொல்லிவிடலாமா? முடியாது. வளரப் போகிற ஊர் என்று தெரிந்துதானே கம்பெனி அங்கே போகிறது. நல்ல சாலை, படித்த ஆட்கள், தண்ணீர் எல்லாம் இருக்கிற இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு வந்த வளர்ச்சிக்கு ஆலையைக் காரணம் காட்டினால் கணக்கு தப்பாகிவிடும். இந்தத் துறையில் பாதி உழைப்பு இந்த ஒரு முடிச்சை அவிழ்ப்பதற்கே போகிறது.

மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரிச்சர்ட் ஹார்ன்பெக், என்ரிகோ மொரெட்டி மூவரும் 2010இல் அருமையான ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் தொழிற்சாலைகளுக்கு இடம் தேடுவதைப் பற்றியே எழுதும் ஒரு வர்த்தக இதழ் உண்டு. பெரிய ஆலை ஒன்று எந்த மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தது என்பதோடு, கடைசிச் சுற்று வரை வந்து தோற்றுப்போன மாவட்டம் எது என்பதையும் அதில் எழுதுவார்கள். 1992இல் பிஎம்டபிள்யூ கார் ஆலை தென் கரோலினாவின் கிரீன்வில்–ஸ்பார்ட்டன்பர்க் பகுதிக்குப் போனது. கடைசிவரை போட்டியிட்டுத் தோற்றது நெப்ராஸ்காவின் ஒமாஹா. தோற்ற இடமும் கம்பெனியின் கண்ணுக்குக் கிட்டத்தட்ட அதே தகுதி உள்ளதுதான். அப்படியானால் ஆலை வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத் தோற்ற ஊரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, ஜெயித்த மாவட்டங்களில் ஏற்கெனவே இருந்த மற்ற தொழிற்சாலைகளின் உற்பத்தித்திறன் தோற்ற மாவட்டங்களைவிட 12 சதவீதம் கூடியிருந்தது. புதிய ஆலையோடு தொழில்நுட்பத்தையும் ஆட்களையும் பகிர்ந்துகொள்ளக்கூடிய தொழில்களில் இந்த உயர்வு இன்னும் அதிகம். கூலியும் உயர்ந்தது. தொழிலாளிக்கு அது நல்லது, பழைய ஆலைக்காரர்களுக்குச் செலவு. ஒருவர் வரவு இன்னொருவர் செலவாவதை இந்த ஆய்வுகள் நெடுக்கப் பார்க்கலாம்.

இதை மேற்கோள் காட்டித்தான் அரசுகள் வரிச்சலுகைகளை அள்ளிக் கொடுக்கின்றன. ஆனால் 2020இல் கெய்லின் ஸ்லாட்டரி, ஓவன் ஸைடர் இருவரும் மாநில, உள்ளூர் அரசுகளின் சலுகைகளை ஆராய்ந்தபோது, வந்த நிறுவனத்தில் வேலைகள் கூடியதைப் பார்க்க முடிந்தது; அதைத் தாண்டி ஊர் முழுக்க வளர்ச்சி பரவியதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. சலுகையாகக் கொடுத்த பணம் பள்ளிக்கும் சாலைக்கும் போயிருக்க வேண்டிய பணம் என்பதை யோசித்தால், இந்த முடிவை அதிகாரிகள் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

சில்லறை வணிகத்தில் இந்த முடிச்சு இன்னும் இறுக்கமானது. வால்மார்ட் வந்தால் உள்ளூர் வேலைவாய்ப்பு கூடுமா, குறையுமா? ஏமெக் பாஸ்கர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கடை திறந்த ஆண்டில் அந்த மாவட்டத்தின் சில்லறை வணிகத்தில் சுமார் 100 வேலைகள் கூடுகின்றன. மற்ற கடைகள் சுருங்குவதாலும் மூடுவதாலும் அடுத்த ஐந்தாண்டில் அதில் பாதி போய்விடுகிறது. மிச்சம் 50. டேவிட் நியூமார்க், ஜுன்ஃபு ஜாங், ஸ்டீஃபன் சிக்கரெல்லா மூவரும் 2008இல் வேறு முறையில் கணக்கிட்டார்கள். ஒரு வால்மார்ட் ஊழியர் வந்தால் 1.4 சில்லறை வணிக ஊழியர்களின் இடம் போகிறது என்று வந்தது. கூட்டலா கழித்தலா என்பதிலேயே இருவருக்கும் வேறுபாடு!

காரணம் கேள்வியில் இல்லை, ஒப்பிடும் முறையில் இருக்கிறது. எந்த ஊருக்கு எப்போது கடை வரும் என்பதை ஊரின் வளர்ச்சியோடு சம்பந்தமில்லாத ஏதோ ஒன்றை வைத்துக் கணிக்க வேண்டும். நிறுவனம் திட்டமிடும்போதே கடைகளுக்கு வரிசையாகக் கொடுத்த எண்களை வைத்து, திட்டமிட்ட திறப்பு ஆண்டைக் கணித்தார் பாஸ்கர். நியூமார்க் குழு ஆர்கன்ஸாவின் பென்டன்வில்லிலிருந்து உள்ள தூரத்தைப் பயன்படுத்தியது. 1962இல் பக்கத்து ராஜர்ஸ் ஊரில் முதல் கடையைத் திறந்த நிறுவனம், தலைமையகத்திலிருந்து வட்டம் வட்டமாக வெளியே பரவியது. எனவே தூரம் சொன்னால் ஆண்டைச் சொல்லிவிடலாம். இரண்டுமே புத்திசாலித்தனமான வழிகள். இரண்டுக்கும் விடை வேறு. இந்த இடத்தில் ஒரு கடைக்கு இத்தனை வேலை என்று ஒற்றை எண்ணைத் தூக்கிப் பிடிக்கிற அறிக்கை எதையும் நான் நம்புவதில்லை.

அதே கடையில் பொருட்களின் விலை குறைந்ததும் உண்மை. ஜெர்ரி ஹவுஸ்மன், எஃப்ரைம் லைப்டாக் 2007இல் காட்டியபடி, உணவுப் பொருட்களில் வாடிக்கையாளருக்குக் கிடைத்த பலன் பெரியது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இன்னும் பெரியது. மூடிய பக்கத்துக் கடையின் ஊழியரும், மலிவாகப் பால் வாங்கும் ஏழைத் தாயும் ஒரே ஊரில்தான் இருக்கிறார்கள். சில சமயம் ஒரே வீட்டில். 'ஊர்நலம்' என்று ஒரே சொல்லில் நாம் கட்டுகிற மூட்டைக்குள் இவ்வளவு முரண்பாடு இருக்கிறது.

ஒரு மைல்

இங்கேதான் தூரம் வருகிறது. 2015இல் ஜேனட் கரி, லூகஸ் டேவிஸ், மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரீட் வாக்கர் ஆகியோர் அமெரிக்காவில் நச்சுப்பொருள் வெளியிடும் சுமார் 1,600 தொழிற்சாலைகளின் திறப்பையும் மூடலையும் எடுத்துக்கொண்டார்கள். காற்றில் கலக்கும் நச்சு எவ்வளவு தூரம் போகிறது என்று முதலில் பார்த்தார்கள். ஒரு மைலுக்குள் காற்றின் தரம் மாறுகிறது. அதற்கு அப்பால் மாற்றம் தெரியவில்லை. பிறகு அந்த ஒரு மைலுக்குள் வசித்த தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகளின் எடையைப் பார்த்தார்கள். ஆலை இயங்கும் காலத்தில் எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் விகிதம் சுமார் 3 சதவீதம் கூடியிருந்தது. ஆலை திறந்ததும் அரை மைலுக்குள் இருந்த வீடுகளின் விலை சுமார் 11 சதவீதம் இறங்கியது.

இதை ஜெயித்த ஊர், தோற்ற ஊர் ஆய்வோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். உற்பத்தித்திறனும் கூலியும் கூடுவது மாவட்டம் முழுக்க அளந்தது. பிள்ளையின் எடை குறைவது ஒரு மைலுக்குள் அளந்தது. மாவட்ட சராசரியை மட்டும் எடுத்தால் ஆலை வந்தது நல்லது என்று வரும், அது பொய்யும் இல்லை. அந்த நல்லதற்கான விலையை ஆலைக்கு மிக அருகில் இருப்பவர்கள் மட்டும் கொடுத்திருக்கிறார்கள் என்பது அந்தச் சராசரியில் கரைந்துபோகும். வசதியுள்ளவர் அந்த இடத்தை விட்டுப் போய்விடுவார், வீட்டு விலை இறங்கியதால் வசதியில்லாதவர் அங்கே வந்து சேர்வார். பொருளாதார அறிஞர் ஆர்தர் பிகூ 1920லேயே சொன்ன விஷயம்தான் இது: ஒருவர் தொழிலின் விளைவு அவர் கணக்கில் ஏறாமல் மற்றவர் தலையில் விழுகிறது. ஆனால் எத்தனை அடி தள்ளி நிற்பவர் தலையில் என்று அளந்து சொல்ல 95 ஆண்டு ஆகியிருக்கிறது.

இன்னொன்றையும் அந்த ஆய்வில் கவனித்தேன். ஆலை திறந்தபோது இறங்கிய வீட்டு விலை, ஆலை மூடியபோது பெரிதாக ஏறவில்லை. பூட்டிய ஆலை அங்கேயேதான் நிற்கிறது.

இருபது ஆண்டு கழித்து

அடுத்தது காலம். நிறுவனம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டுகிறது. ஆலையை மூடினால் அதற்கான செலவை ஒரே ஆண்டில் எழுதித் தள்ளிவிட்டு அடுத்த ஆண்டில் நல்ல எண்களோடு நிற்க முடியும். தொழிலாளியின் கணக்கு அப்படி முடிவதில்லை.

லூயிஸ் ஜேக்கப்சன், ராபர்ட் லலோண்ட், டேனியல் சல்லிவன் 1993இல் பென்சில்வேனியா தொழிலாளர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் ஒரு மைல்கல். பல ஆண்டுகள் ஒரே இடத்தில் வேலை பார்த்து, கூட்டமாக ஆட்குறைப்பு நடந்தபோது வெளியேற்றப்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். வேறு வேலை கிடைத்த பிறகும், ஐந்தாறு ஆண்டு கழித்தும், அவர்கள் வருமானம் இருந்திருக்க வேண்டிய அளவைவிட ஏறக்குறைய 25 சதவீதம் குறைவாகவே இருந்தது. அந்த ஆலையின் இயந்திரங்களோடும் ஆட்களோடும் பழகிச் சேர்த்த திறமைக்கு வேறு இடத்தில் விலையில்லை.

2009இல் சல்லிவனும் டில் ஃபான் வாக்டரும் அதே மாநிலத் தொழிலாளர்களின் பதிவுகளை இறப்புப் பதிவுகளோடு இணைத்தார்கள். நீண்ட காலம் பணியில் இருந்த ஆண்களுக்கு, வேலை போன அடுத்த ஆண்டில் இறப்பு விகிதம் 50 முதல் 100 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது. இருபது ஆண்டு கழித்தும் 10 முதல் 15 சதவீதம் கூடுதல். நாற்பது வயதில் வேலை இழந்தவருக்கு இதே நிலை நீடித்தால் ஆயுளில் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை போகிறது. முதல் தடவை படித்தபோது இந்த எண்களைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போக எனக்கு நேரம் பிடித்தது.

வேலை இழந்தவரோடும் இது நிற்பதில்லை. அதீந்தர் வெங்கடரமணி தலைமையில் நடந்து 2020இல் வெளியான ஆய்வு, கார் ஆலைகளை நம்பியிருந்த 112 அமெரிக்க மாவட்டங்களை எடுத்துக்கொண்டது. அவற்றில் 29 மாவட்டங்களில் ஆலை மூடல் நேர்ந்தது. மூடி ஐந்து ஆண்டுக்குப் பிறகு, அந்த மாவட்டங்களில் ஓபியாய்டு என்னும் அபின் வகை மருந்தை அளவு மீறி எடுத்து இறந்த, வேலை செய்யும் வயதினரின் விகிதம், எதிர்பார்த்திருக்கக்கூடிய அளவைவிட 85 சதவீதம் அதிகம். இறந்தவர்களில் அந்த ஆலையில் ஒருநாள்கூட வேலை பார்க்காதவர்களும் இருந்திருப்பார்கள். கணக்கெடுத்தது மாவட்டத்தின் எல்லா வயதுவந்தோரையும். மரியன்தாலில் மூடிக் கிடந்த நூலகப் புத்தகங்களின் இன்றைய வடிவம் இது என்று தோன்றுகிறது. வேலை போகிறது, கூடவே ஊரில் இனி என்ன இருக்கிறது என்ற நம்பிக்கையும் போகிறது.

உள்ளே என்ன நடக்கிறது

இருட்டாகவே சொல்லிக்கொண்டு போகிறேன். வெளிச்சமான பக்கம் ஒன்று உண்டு, அது ஆலையின் உள்ளே இருக்கிறது. ஊர் மக்களில் பாதிப் பேர் தங்கள் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை வேலையிடத்தில்தான் கழிக்கிறார்கள். அங்கே அவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதும் ஊர்நலத்தில் சேர்ந்ததுதான்.

பிரிட்டிஷ் டெலிகாமின் 11 அழைப்பு மையங்களில் சுமார் 1,800 பேரிடம் ஆறு மாதம் ஒவ்வொரு வாரமும் மின்னஞ்சலில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: இந்த வாரம் எப்படி இருந்தீர்கள்? பதிலுக்குச் சிரிப்பு முகம் முதல் அழுகை முகம் வரை ஐந்து சின்னங்கள், ஒன்றைத் தட்டினால் போதும். கிளமென்ட் பெல்லே, ஜான் இம்மானுவேல் டி நெவ், ஜார்ஜ் வார்ட் நடத்திய ஆய்வு. மகிழ்ச்சியாக இருந்த வாரங்களில் விற்பனை கூடியது. ஆனால் நன்றாக விற்றதால் மகிழ்ச்சியா, மகிழ்ச்சியால் விற்பனையா? மறுபடி அதே முடிச்சு.

அவிழ்த்த விதம் அழகு. வெளியே மழையும் மேகமுமாக இருந்தால் மனம் மந்தமாகும். ஆனால் வெளியே தெரிந்தால்தானே? சில மையங்களில் ஜன்னல் நிறைய, சிலவற்றில் கொஞ்சம். அழைப்புகளோ நாட்டின் எல்லாப் பக்கமிருந்தும் வருகின்றன, எனவே மையம் இருக்கும் ஊரின் வானிலை வாங்குகிறவரைப் பாதிப்பதில்லை. ஜன்னல் வழியே வந்த வானிலை ஊழியர் மனதை மட்டும் மாற்றியது. அதை வைத்துப் பார்த்தபோது, மகிழ்ச்சி கூடினால் விற்பனை உண்மையிலேயே கூடுகிறது என்று உறுதியானது. அவர்கள் கூடுதல் நேரம் உழைக்கவில்லை. அதே நேரத்தில் பேசிய அழைப்புகளில் அதிகம் பேர் வாங்கினார்கள்.

அலெக்ஸ் எட்மன்ஸ் 2011இல் வெளியிட்ட கணக்கும் இதே பக்கம்தான். அமெரிக்காவில் வேலை பார்க்கச் சிறந்த 100 நிறுவனங்கள் என்ற பட்டியலில் வந்த பங்குகளை 1984 முதல் 2009 வரை வைத்திருந்தால், அபாயத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் ஆண்டுக்கு 3.5 சதவீதம் கூடுதல் வருமானம். பட்டியல் ஊரறிய வெளிவந்த ஒன்று. அப்படியிருந்தும் சந்தை அதற்கு உரிய விலையைக் கொடுக்கவில்லை. ஊழியரின் மனநிறைவை முதலீட்டாளர்கள் சொத்தாகப் பார்க்கப் பழகவில்லை என்றுதான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நல்ல நிர்வாகம் வெளியேயும் கசிகிறது. நிக்கோலஸ் புளூம் குழு 2010இல் 300க்கும் மேற்பட்ட பிரிட்டன் தொழிற்சாலைகளில் பார்த்தபடி, நிர்வாகத் தரத்தில் கீழ்க் கால்பகுதியின் விளிம்பிலிருந்து மேல் கால்பகுதியின் விளிம்புக்குப் போனால், அதே உற்பத்திக்கு ஆகும் எரிசக்திச் செலவு சுமார் 17 சதவீதம் குறைவு. எங்கே வீணாகிறது என்று தினமும் எழுதிவைத்துப் பார்க்கிற பழக்கம் நூலையும் காப்பாற்றும், கரியையும் காப்பாற்றும். இந்த இடத்தில் மட்டும் லாபமும் ஊர்நலமும் ஒரே பாதையில் சேர்ந்து நடக்கின்றன.

முடிவை எடுப்பது யார்

இன்னொரு பழைய ஆய்வைச் சொல்லாமல் விட மனமில்லை. 1940களின் நடுவில் மானுடவியலாளர் வால்டர் கோல்ட்ஷ்மிட் கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் இரண்டு ஊர்களை ஒப்பிட்டார். இரண்டு இடத்திலும் விளைச்சலின் மொத்த மதிப்பு கிட்டத்தட்ட ஒன்று. டைனுபாவைச் சுற்றிச் சிறு பண்ணைகள், ஆர்வினைச் சுற்றிப் பெரும் பண்ணைகள். டைனுபாவில் 62 வணிக நிலையங்கள், ஆர்வினில் 35. டைனுபாவில் மூன்று பூங்காக்கள். ஆர்வினில் ஒரே ஒரு விளையாட்டுத் திடல், அதுவும் ஒரு நிறுவனம் இரவலாகக் கொடுத்தது. டைனுபா தன் காரியங்களைத் தானே வாக்களித்து முடிவு செய்தது. ஆர்வினின் முடிவுகளை மாவட்ட அதிகாரிகள் எடுத்தார்கள்.

விமர்சனம் இல்லாமல் இல்லை. டைனுபா பழைய ஊர், ஆர்வின் புதியது. வயது வித்தியாசமே பாதியை விளக்கிவிடும் என்று பிற்காலத்தில் எழுதினார்கள். நியாயமான விமர்சனம்தான். ஆனால் இரண்டே ஊர்களோடு நிற்காமல் பல ஊர்களுக்கு விரிக்க வேண்டிய இரண்டாம் கட்டம் எதிர்ப்புகளுக்கு நடுவே கைவிடப்பட்டது. 1946இல் சி. ரைட் மில்ஸும் மெல்வில் உல்மரும் அமெரிக்க செனட் குழு ஒன்றுக்காகச் சிறு தொழில் நகரங்களையும் பெருந்தொழில் நகரங்களையும் ஜோடி ஜோடியாக ஒப்பிட்டார்கள். முடிவு அதே திசையில் வந்தது. முதலாளியின் பிள்ளையும் தொழிலாளியின் பிள்ளையும் ஒரே பள்ளிக்குப் போகிற ஊரில், பள்ளிக்கூடத்தின் ஒழுகும் கூரை இருவருக்கும் பொது. தூரத்தைப் பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும்: முடிவெடுப்பவர் அந்த ஒரு மைலுக்குள் வசிக்கிறாரா என்பது ஒரு பெரிய கேள்வி.

இதையெல்லாம் அளக்க முடிவது எதனால் என்றும் யோசிக்க வேண்டும். பென்சில்வேனியா தொழிலாளர்களின் ஆயுளைக் கணக்கிட முடிந்தது, வேலையின்மைக் காப்பீட்டுக்காக ஒவ்வொருவரின் ஊதியமும் காலாண்டுதோறும் பதிவாகியிருந்ததால். அந்தப் பதிவைத் தொடங்கியவர்கள் ஆயுளை மனதில் வைத்துத் தொடங்கவில்லை. நிறுவனத்தின் கணக்கைத் தணிக்கை செய்ய உலகம் முழுக்கச் சட்டமும் ஆளும் உண்டு. பிறப்பு எடை மருத்துவமனைப் பேரேட்டில், ஊதியம் காப்பீட்டு அலுவலகத்தில், புகையின் அளவு ஆலையின் கோப்பில் என்று தனித்தனியே கிடக்கின்றன. யாராவது மூன்றையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்று வைத்தால்தான் ஊரின் கணக்கு என்று ஒன்று உருவாகும்.

ஒரு மைல் ஆய்வுக்கு அப்படி வைக்க ஒரு பட்டியல் கிடைத்தது. 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு போபாலில் பூச்சிக்கொல்லி ஆலையிலிருந்து நச்சு வாயு கசிந்து, தூங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். சுற்றியிருந்த மக்களுக்கு ஆலைக்குள் என்ன இருக்கிறது என்பதே தெரியாது. அடுத்த ஆண்டு மேற்கு வர்ஜீனியாவிலும் ஓர் ஆலையில் கசிவு நேர்ந்தது. இவற்றுக்குப் பிறகுதான் 1986இல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது: நச்சுப்பொருளைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கையாளும் ஆலைகள் ஆண்டுதோறும் என்னென்ன நச்சுப்பொருளை, எவ்வளவு வெளியே விட்டன என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஜேனட் கரியும் அவருடைய குழுவினரும் குழந்தைகளின் எடையோடு பொருத்திப் பார்த்தது அந்தப் பட்டியலைத்தான்.